ஓடைக்காக விட்டுவைத்த காடு

கோஸ்டா ரிகாவின் தலைநகர் சான் ஹோசேயில் பஸ் ஏறும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. நாலரை மணி நேரம் கழித்து, மோன்டேவெர்டேவை ஒட்டிய சாந்தா எலெனாவில் இறங்கினால், எதிரே நிற்கும் ஆளின் முகம் தெரியவில்லை. மேகம் தெருவோடு போய்க்கொண்டிருந்தது. என் ஸ்வெட்டர் பெட்டியின் அடியில்; பெட்டியோ பஸ்ஸின் வயிற்றுக்குள்.

மோன்டேவெர்டேவுக்கு எல்லாரும் வருவது மேகக் காட்டையும் கெட்சால் பறவையையும் பார்க்கத்தான். நானும் அதற்காகவே வந்தேன். இரண்டு நாள் காலை நாலரைக்கு எழுந்து, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தும் கெட்சால் கண்ணில் படவில்லை. ஷூ நனைந்ததுதான் மிச்சம். அப்புறம்தான் பறவையை விட்டுவிட்டு ஊரின் கதையைக் கேட்க ஆரம்பித்தேன்.

இந்த மலையூரை உருவாக்கியவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த குவேக்கர்கள். கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினர். ஆயுதம் எடுக்க மாட்டார்கள். 1949-ல் அலபாமாவின் ஃபேர்ஹோப்பைச் சேர்ந்த நான்கு குவேக்கர் இளைஞர்கள், கட்டாய ராணுவ சேவைக்குப் பெயர் பதிய மறுத்ததற்காகச் சிறைக்குப் போனார்கள். சில மாதங்களில் வெளியே வந்துவிட்டார்கள். ஆனால் போருக்கு வரி கட்டி வாழும் நாட்டில் இனி இருப்பானேன் என்ற பேச்சு சொந்தபந்தங்களுக்குள் எழுந்துவிட்டது. எங்கே போவது? கோஸ்டா ரிகா அப்போதுதான், 1948-ல், தன் ராணுவத்தையே கலைத்திருந்தது. வேறென்ன வேண்டும்! 11 குடும்பங்கள், 44 பேர் கிளம்பினார்கள். 1951-ல் மலைமேல் சுமார் 1,400 எக்டேர் நிலம் வாங்கி, 'பச்சை மலை' என்று பொருள்பட மோன்டேவெர்டே என்று பெயர் வைத்தார்கள்.

மாடு வளர்த்தார்கள். பாலை என்ன செய்வது? மாட்டுவண்டி மட்டுமே போகக்கூடிய சேற்றுப் பாதையில் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் திரிந்துவிடும். சீஸ் ஆக்கினால் எடையும் குறையும், நாள்பட இருக்கும். அப்படித்தான் 1950-களில் சீஸ் தொழிற்சாலை வந்தது. பல ஆண்டுகள் ஊருக்குச் சோறு போட்டது அதுதான்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். வாங்கிய நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், மலையுச்சியை ஒட்டிய 554 எக்டேரை, வெட்டாமல் விட்டுவிட்டார்கள். பறவைக்காக அல்ல. ஓடையின் ஊற்றுக்கண் அங்கே இருந்தது. காடு போனால் தண்ணீர் போகும். இது கட்டுச்செட்டான விவசாயியின் கணக்கு. எனக்கென்னவோ, பெரிய லட்சியங்களைவிட இந்தக் கணக்கில்தான் நம்பிக்கை வருகிறது.

பிறகு உயிரியலாளர்கள் வந்தார்கள். இந்த உச்சியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பொன்னிறத் தேரை இங்கே இருப்பது 1960-களில் வெளியுலகுக்குத் தெரிந்தது. 1972-ல் சரணாலயம் பிறந்தது. அதற்காக ஜார்ஜ் பவல் என்ற ஆய்வாளரோடு காடெல்லாம் அலைந்தவர் வில்ஃபர்ட் குயின்டன். சிறைக்குப் போன நால்வரில் ஒருவர், பண்ணைக்காக மரம் வெட்டிச் சாய்த்தவரும் அவர்தான். அந்தப் பொன்னிறத் தேரை கடைசியாக மனிதக் கண்ணில் பட்டது 1989-ல். அதன் படத்தைப் பார்த்தேன். ஆரஞ்சு மிட்டாய்க்குக் கண் வைத்தது போல் இருந்தது.

இன்று ஊரில் தொங்குபாலம், ஜிப்லைன், காபித் தோட்டச் சுற்றுலா என்று ஒன்றும் குறைவில்லை. அமைதி தேடி வந்தவர்களின் ஊருக்கு மேலே கம்பியில் தொங்கியபடி ஜனங்கள் அலறிக்கொண்டு போகிறார்கள்.

ஞாயிறு காலை குவேக்கர்களின் கூட்டத்துக்குப் போனேன். யாரும் போகலாம். பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். யாருக்காவது உள்ளே ஏதாவது தோன்றினால் எழுந்து சொல்லலாம். அன்று யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. முதல் பத்து நிமிடம் பஸ் டிக்கெட்டைப் பற்றியே யோசித்தேன். பிறகு என் வயிறு ஒருமுறை கடமுடவென்றது. அந்த அமைதியில் அது இடி மாதிரி கேட்டது. ஒரு குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அதற்கப்புறம் கூரையில் தூறல் விழும் சத்தம் மட்டும்தான். ஒரு மணி நேரம் எப்படிப் போனதென்று தெரியவில்லை.

பக்கத்திலிருந்தவரின் கையைக் குலுக்கினால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். என் பக்கத்தில் இருந்த பாட்டி கை குலுக்கிவிட்டு, கெட்சால் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அடடா, எங்கள் வீட்டுப் பின்னால் இருக்கும் காட்டு அவகாடோ மரத்தில் காலையில்கூட உட்கார்ந்திருந்ததே" என்றார்.