60 சென்டிமீட்டர் தாண்ட எனக்கு ஏழு மாதம் ஆனது

சேலத்தை ஒட்டிய ஒரு பயிற்சி மைதானத்தில் போன மாதம் குதிரை தாண்டலில் முதல் நிலைத் தேர்வை முடித்தேன். ஆறு ஃபென்ஸ் (குதிரை தாண்ட வேண்டிய தடுப்பு), எல்லாம் 60 சென்டிமீட்டர். என்னோடு சேர்ந்த பள்ளிப் பிள்ளைகள் மூன்று மாதத்தில் முடித்துவிட்டார்கள். முப்பத்தெட்டு வயதில் எனக்கு ஏழு மாதம் ஆனது. நடுவில் ஒரு முறை விழுந்து இடது மணிக்கட்டு உடைந்தது. விழுந்த பிறகு மறுபடி ஏறத் தயங்கி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் விழுந்தது முதலில் கற்றுக்கொண்ட இடத்தில். மூன்றாவது வகுப்பிலேயே போலை, அதாவது ஃபென்ஸில் குறுக்கே வைக்கும் கழியை, இரண்டு துளை மேலே ஏற்றிவிட்டார்கள். "நீங்க பயந்தா குதிரைக்குத் தெரிஞ்சிரும், பயப்படாதீங்க" என்பதற்கு மேல் அங்கே யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா? குதிரை ஃபென்ஸுக்கு முன்னால் சட்டென்று நின்றது. நான் அதன் கழுத்துக்கு மேலாகப் போய் விழுந்தேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகும் போலைக் கண்டாலே வயிற்றைப் பிசையும். "ரெண்டு பிள்ளைங்களுக்கு அம்மா, போதுண்டி" என்றார் என் அம்மா. (விழும்போது அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள். வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே நொறுங்கியிருக்கும்.)

இரண்டாவது இடத்தில் பயிற்சி தந்த சார் முதல் நாள் ஃபென்ஸே வைக்கவில்லை. தரையில் நான்கு போல், நாலரை அடிக்கு ஒன்றாக. அதன் மேல் ட்ராட், அதாவது குதிரையின் துள்ளுநடை. அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து, எனக்குச் சலிப்பு தட்டிய பிறகுதான், இரண்டு போலைக் குறுக்காகச் சாய்த்து நடுவில் ஒரு சாண் உயரம் வரும்படி வைத்தார். அதற்கு எட்டடி முன்னால் தரையில் ஒரு போல். அந்தத் தரைப்போல் இருந்தால் எங்கே கால் எடுக்க வேண்டும் என்பதைக் குதிரை தானே பார்த்துக்கொள்ளும். நான் கணக்குப் போட வேண்டியதில்லை. சலிப்பு வரும்வரை ஒரே உயரத்தில் இருங்கள் என்பதுதான் நான் யாருக்கும் முதலில் சொல்வது. சலிப்பு வந்த இடத்தில் பயம் இருப்பதில்லை. உயரத்தை ஏற்றச் சொல்லி நீங்களாகக் கேட்கும் நாள் வரும். அதுவரை வேறு யாரும் ஏற்றவிடாதீர்கள்.

என் உண்மையான தவற்றைக் கண்டுபிடித்தவர் லாயத்தில் குதிரை பார்க்கும் அண்ணன். நான் ராணி என்ற குதிரையில் பழகுவதை வேலியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒருநாள் சொன்னார்: "ஏங்கம்மா, மூணு தப்படி இருக்கும்போதே மூச்ச நிறுத்திர்றீங்க. அப்புறம் ராணி எப்படிப் போவா?"

அவர் சொன்னதை அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். மூச்சை அடக்கினால் வயிறு இறுகுகிறது, தொடை சேணத்தை நெரிக்கிறது, குதிகால் மேலே ஏறுகிறது, உடம்பு முன்னால் சாய்கிறது, கை கடிவாளத்தை இழுக்கிறது. இத்தனையும் ஒரு நொடியில். குதிரைக்கோ நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச தூரம் கண் தெரியாது. ஃபென்ஸ் நெருங்க நெருங்கத் தலையை உயர்த்தி அளவெடுக்கத்தான் பார்க்கும். அந்த நேரம் பார்த்து நான் வாயைப் பிடித்து இழுத்தால், நில் என்றுதானே அது புரிந்துகொள்ளும்? அன்று அந்தக் குதிரை என் சொல்லைக் கேட்டுத்தான் நின்றிருக்கிறது. இது புரிந்தபோது அழுகை வந்தது, அத்தனை நாள் அதன் மேல் கோபமாக இருந்தேன்.

மறுநாளிலிருந்து கேன்டரில் (குதிரையின் நிதானமான பாய்ச்சல் ஓட்டம்) ஒவ்வொரு பாய்ச்சலையும் வாய்விட்டு எண்ணினேன். ஒன்னு, ரெண்டு, ஒன்னு, ரெண்டு. சத்தமாக எண்ணும்போது மூச்சை அடக்க முடியாது. கூச்சப்படாமல் எண்ணுங்கள். கைக்கு வேறு மருந்து: ராணியின் கழுத்தில் ஒரு பழைய வாரைக் கட்டி, தாண்டும்போது இரண்டு விரலால் அதைப் பிடித்துக்கொண்டேன். வார் இல்லாவிட்டால் பிடரி மயிர். ஒரு காலத்தில் தாண்டும்போது பின்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பதுதான் முறையாக இருந்ததாம். ஃபெடரிகோ கப்ரில்லி (1868–1907) என்ற இத்தாலியக் குதிரைப்படை அதிகாரிதான் அங்கவடியை (பாதம் வைக்கும் வளையத்தை) குட்டையாக்கி, உடம்பை முன்னால் கொண்டுவந்து, குதிரையின் தலையை அதன் போக்கில் விட்டார். சார் இதைச் சொன்னபோது, கடிவாளத்தை இழுப்பதில் நான் பழைய ஆட்களைப் போல ஓட்டிக்கொண்டிருந்தது புரிந்தது.

கண் விஷயத்தை ஏற்காடு மலைப்பாதையில் கற்றேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்குத் தெரியும், பள்ளத்தைப் பார்த்தால் வண்டி பள்ளத்துப் பக்கம்தான் போகும். வளைவு முடிந்து ரோடு நிமிரும் இடத்தைப் பார்த்தால் வண்டி தானாகத் திரும்பும். குதிரையிலும் அதேதான். நான் போலையே வெறித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஃபென்ஸுக்கு நேர் பின்னால் மைதான ஓரத்து வேப்பமரத்தைப் பார்க்கிறேன். போலுக்குப் பதில் ராணியின் காது ஓரக்கண்ணில் படும். கத்தியவாரி இனம், நுனி உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும் காது. அது முன்னால் விறைத்து நின்றால் ஃபென்ஸைப் பார்த்துவிட்டாள் என்று அர்த்தம்.

தேர்வுக்கு முன்னால் தடத்தை நடந்து பார்க்க விடுவார்கள். அதை வீணாக்காதீர்கள். குதிரையின் ஒரு கேன்டர் பாய்ச்சல் சுமார் 12 அடி. மூன்றடி வைத்து நடந்தால் நம் நான்கு தப்படி. இறங்குவதற்கு ஆறடி, அடுத்ததற்குக் கால் எடுக்க ஆறடி. ஆக இரண்டு ஃபென்ஸுக்கு நடுவே 36 அடி இருந்தால் இரண்டு பாய்ச்சல், 48 என்றால் மூன்று. குட்டையான குதிரைக்கு இதைச் சற்றுக் குறைக்க வேண்டும், உங்கள் சாரிடம் கேளுங்கள். எண்ணிக்கை முன்னமே தெரிந்திருந்தால் மனம் எண்ணுவதில் இருக்கும், பயப்பட நேரம் இருக்காது.

போல் விழுந்தால் 4 புள்ளி போகும், அவ்வளவுதான். பெங்களூர்க்காரர் ஃபவாத் மிர்சா டோக்கியோ ஒலிம்பிக்கில் தாண்டல் சுற்றில் 8 புள்ளி இழந்தும் இறுதிச் சுற்றுக்குப் போனார். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

தேர்வு நாளில் நான்காவது ஃபென்ஸில் போல் விழும் சத்தம் பின்னால் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாவதற்கு மூன்று பாய்ச்சல் இருந்தது, எண்ணிக்கொண்டிருந்தேன். முடித்து இறங்கி, சேணத்தின் வாரைத் தளர்த்தும்போதுதான் கை நடுங்கியது. அண்ணன் வாளித் தண்ணீரோடு வந்து, "கடைசி வரைக்கும் எண்ணுனீங்க, இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றார்.