மூன்றாவது சிலிண்டர்

பட்டறையில் ஒரு வண்டி மிஸ்ஸிங் என்று, அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல், வந்தால் நான் அதிகம் யோசித்ததில்லை. பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் நல்ல காயில் ஒன்று அலமாரியில் இருக்கும், எடுத்து மாட்டிப் பார்ப்பேன். சரியாகவில்லையா, அடுத்து பொறி விட்டு பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக். பல வருடம் அப்படித்தான் ஓடியது. போன மாதம் விடுமுறை நாளில் என் சொந்தக் காரே வீட்டு வாசலில் மிஸ் அடித்தபோது, கையில் இருந்தது சின்ன ஸ்கேனரும் நாலைந்து ஸ்பானரும்தான்.

ஐடிலிங்கில் வண்டி உதறியது. செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. நிலையாக எரிந்தால் கொஞ்சம் பொறுக்கலாம். மின்னினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பழுக்க வைத்துக்கொண்டிருக்கும். உடனே அணைத்தேன்.

ஸ்கேனரில் வந்த குறியீடு பி0303. கடைசி எண் சிலிண்டரைச் சொல்கிறது, அவ்வளவுதான். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை. மாற்றிப் பார்க்க வேறு காயில் இல்லையே என்று நின்றபோதுதான், சிலிண்டருக்கு ஒன்றாக அதே காயில் இன்னும் மூன்று எஞ்சினிலேயே இருப்பது உறைத்தது. எஞ்சின் ஆறியதும் மூன்றாவதையும் முதலாவதையும் இடம் மாற்றி மாட்டினேன். பழைய குறியீட்டை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். கொஞ்ச நேரத்தில் பி0301. கோளாறு காயிலோடு கூடவே போய்விட்டது. மூன்றிலேயே நின்றிருந்தால் பிளக், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், அப்புறம் சிலிண்டருக்குள் உள்ள அழுத்தமான கம்ப்ரஷன் என்று போயிருக்க வேண்டும்.

சரி, காயில்தான். ஆனால் கழற்றும்போது அதன் ரப்பர் முனை பிசுபிசுவென்று இருந்தது மனதை உறுத்தியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது பிளக் குழிக்குள் ஆயில் தேங்கி நின்றது. அதைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகே பிளக்கைக் கழற்றினேன். இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கிழித்ததுபோல் மெல்லிய கறுப்புக் கோடு. ரப்பரின் உட்புறத்திலும் அதே கோடு. மின்பொறி முனையில் பாயாமல் பக்கவாட்டில் வழிந்து இறங்கிய தடம் அது. எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவரின் கேஸ்கெட்டோடு வரும், குழிக்குள் ஆயில் இறங்காமல் தடுக்கும் சீல் இறுகிப்போய் ஆயிலை விட்டிருக்கிறது. அது ஊறி ஊறித்தான் ரப்பர் கெட்டிருக்கிறது.

சீல், காயில், பிளக் மூன்றையும் மாற்றினேன். எஞ்சின் ஒரே சீராக ஓடியது.

எனக்கு நினைவு வேறெங்கோ போனது. ஒரு வாடிக்கையாளரின் வண்டிக்கு ஒரே வருடத்தில் இரண்டு தடவை, அதே சிலிண்டருக்குக் காயில் மாற்றியிருக்கிறேன். இரண்டு தடவையும் குழிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக அவருக்கு போன் செய்து, "அண்ணே, வண்டியை ஒருதடவை கொண்டுவாங்க, கூலி வேண்டாம்" என்றேன்.