"இப்போ சொல்ல முடியாது சார்"

"ஹெட் கேஸ்கெட் போயிருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க தம்பி."

"இப்போ சொல்ல முடியாது சார்" என்றேன். உண்மை அதுதான். ஆனால் அந்த நொடியே வண்டிக்காரர் முகத்தில் நம்பிக்கை போய்விட்டது.

இன்ஜினை ஆற்றும் தண்ணீரான கூலன்ட் குறைகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை. இன்ஜின் பிளாக்குக்கும் மேலே இருக்கும் ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட்; அது போனால் கூலன்ட் உள்ளேயே கசியலாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது, கூலன்ட் டேங்க் மூடியில் போட்டிருக்கும் அழுத்தத்துக்குக் காற்றடித்து வைத்தேன், மீட்டர் முள் நகரவில்லை. வாட்டர் பம்ப்பைச் சுற்றி ஈரமே இல்லை. கூலன்ட் கலந்தால் வரும் பால் நிறம் ஆயிலில் இல்லை. புகையில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு பட்டால் நிறம் மாறும் நீல மருந்தை டேங்க் வாயில் வைத்துப் பார்த்தேன், அதுவும் மாறவில்லை.

அப்படியென்றால் ஹெட் நல்லாத்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாமே? பெட்ரோல் வண்டி என்றால் ஏறக்குறைய சொல்லியிருப்பேன். இது டீசல். டீசல் இன்ஜின் ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி ஓடும்போது, தேவைக்கு மேல் காற்றை இழுக்கிறது. அதன் புகையில் கார்பன் டை ஆக்சைடு குறைவு. சின்னக் கசிவு மருந்துக்குச் சிக்காமல் போகலாம். சரி, நிறம் மாறியிருந்தால்? அப்போதும் வழக்கு தீராது. இன்ஜினுக்குத் திரும்பப் போகும் புகையைக் கூலன்ட்டால் ஆற்றும் ஈஜிஆர் கூலர் உள்ளே விரிசல் விட்டிருந்தாலும் புகை கூலன்ட்டில் கலக்கும்.

என் சந்தேகம் கூலர் மேல்தான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை, ஒரு இனிப்பு வாடை, அப்புறம் ஒன்றுமில்லை. சூடாக நிறுத்திய வண்டியில் கூலன்ட் பக்கம் அழுத்தம் நிற்கும், புகைப் பக்கம் இருக்காது. கூலன்ட் விரிசல் வழியாக மெல்ல இறங்கிவிடும். ஆறிய பிறகு விரிசல் மூடிக்கொண்டால் டெஸ்டில் முள் ஏன் நகரப்போகிறது? ஹெட் கேஸ்கெட்டும் இதே கூத்தைக் காட்டும் என்பது வேறு விஷயம். கூலரைக் கழற்றி, வாய்களை அடைத்து, வெந்நீரில் முக்கிக் காற்றடித்தால் குமிழி சொல்லிவிடும். இன்னொரு நாள் வண்டி நிற்கட்டும் என்றேன். அவர் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு அவரே போன் செய்தார். வேறொரு இடத்தில் பார்த்த உடனே "ஹெட்தான்" என்றார்களாம். கேஸ்கெட் மாற்றியாயிற்று, கூலன்ட் இப்போது குறைவதே இல்லை.

"பில்லுல ஈஜிஆர் கூலர் இருக்கா சார்?"

"இருக்கு. ஹெட்டைத் திறந்தா அதையும் சேர்த்து மாத்திடறது நல்லதுன்னாங்க."

இரண்டையும் ஒன்றாக மாற்றிய பிறகு எது காரணம் என்று யார் சொல்வது? பழைய கேஸ்கெட்டைப் பார்த்தால், சிலிண்டரிலிருந்து தண்ணீர்த் துளை வரை கரித்தடம் ஓடியிருக்கிறதா என்று தெரியும். கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டார்களாம். "தெரிஞ்சு என்ன தம்பி ஆகப்போகுது, வண்டி ஓடுதே" என்றார். அவரைப் பொறுத்தவரை சரிதான். இரண்டையும் மாற்றியவர்கள் அவருக்கு ஒரு பதில் கொடுத்தார்கள். நான் ஒரு சோதனையைத்தான் கொடுக்க முடிந்தது. தேவையில்லாமல் ஹெட்டைத் திறந்திருந்தால் அது அநியாயம் என்று ஒரு நாள் நினைப்பேன். கேஸ்கெட்டே போயிருந்து, நான் கூலரில் ஒரு நாளைக் கழித்திருந்தால்? அன்று இரவே எழுந்து உட்கார்ந்து அதையும் நினைப்பேன்.

இப்போதெல்லாம் யாராவது கேட்டால், "கூலர் மாதிரிதான் இருக்கு, கழட்டிப் பார்த்துடுவோம்" என்று குரலை உயர்த்திச் சொல்கிறேன். வண்டியை விட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்குத் தெரிந்தது அன்றைக்கு இருந்ததைவிட ஒரு துளிகூடக் கூடவில்லை.