ரோலிங் ரிலீஸ் சர்வர்: தேர்வுக் குறிப்புகள், 2024

மார்ச் 30, சனி

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகள் இரண்டிலும் பின்கதவு (ரகசிய நுழைவு வழி) இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் நேற்று அம்பலப்படுத்திவிட்டார். ரோலிங் ரிலீஸை (தனித்தனிப் பெரிய பதிப்புகளாக இல்லாமல் தொடர்ந்து அப்டேட் ஆகும் லினக்ஸை) புரொடக்‌ஷனில் வைக்கலாமா என்ற பேச்சு இனி இதைத் தொடாமல் நகராது.

ரோலிங் அல்லாத டெபியன் 12-இல் இருப்பது 5.4 வரிசை, பாதிப்பில்லை. ரோலிங் வகையான ஓபன்சூசே டம்பிள்வீடில் மார்ச் 7 முதல் 28 வரை அந்தப் பேக்கேஜ் இருந்தது. இன்னொரு ரோலிங் லினக்ஸான ஆர்ச்சிலும் வந்தது, ஆனால் அங்கே எஸ்எஸ்ஹெச்டி (தொலைவிலிருந்து வரும் லாகினை ஏற்கும் புரோகிராம்) நேரடியாக எக்ஸ்இசட்டின் லைப்ரரியான லிப்எல்இசட்எம்ஏ-வோடு இணைக்கப்படுவதில்லை. இதைச் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன். சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்காக ஓபன்எஸ்எஸ்ஹெச்-இல் ஒட்டுப்போடும் வழக்கம் ஆர்ச்சில் இல்லை, அவ்வளவுதான்.

"எதையும் இரண்டு வாரம் தள்ளித்தான் போடுவோம்" என்ற விதியும் இங்கே உதவாது. மார்ச் 7 பேக்கேஜ் 21-ஆம் தேதியே உள்ளே வந்திருக்கும்.

டம்பிள்வீட் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு: சரிசெய்த பேக்கேஜின் எண்ணும் 5.6.1 என்றே தொடங்கும், பின்னால் 5.4-க்குத் திரும்பியதாக ஒரு வால் இருக்கும். முன்னெண்ணை மட்டும் தேடும் ஸ்கிரிப்ட் வீணாக அலறும். எஸ்எஸ்ஹெச் இணையத்துக்குத் திறந்திருந்த மெஷின்களைப் புதிதாக நிறுவுவதே சரி.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஆர்ச்சா, டம்பிள்வீடா? கெர்னல் விஷயத்தில் டம்பிள்வீட். ஆர்ச்சில் கெர்னல் அப்டேட் ஆனதும் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் மாட்யூல் (தேவைப்படும்போது ஏற்றப்படும் கெர்னல் பகுதி) அடைவு அழிந்துவிடும். ஏற்கெனவே ஏற்றப்பட்டவை ஓடும். ரீபூட்டுக்கு முன் வயர்கார்டோ (விபிஎன்) ஓவர்லேயோ (கன்டெய்னர்களின் கோப்பு முறைமை) புதிதாகத் தேவைப்பட்டால் மாட்யூல் கிடைக்காது, கன்டெய்னர் கிளம்பாது. நீண்ட கால ஆதரவுள்ள எல்டிஎஸ் கெர்னலுக்கும் இதே கதைதான். டம்பிள்வீட் ஓடும் கெர்னல், புதியது, அதற்கு முந்தையது மூன்றையும் வைத்துக்கொள்ளும்.

இன்னொன்று: டம்பிள்வீடில் அப்டேட்டுக்கு ஸிப்பர் டப் கட்டளை மட்டுமே. ஸிப்பர் அப் போட்டால் ஸ்னாப்ஷாட்டோடு (சேர்த்துச் சோதித்து வெளியிடும் பேக்கேஜ் தொகுப்போடு) முழுதாக ஒத்துப்போகாது. முதலில் டவுன்லோட் மட்டும், அப்புறம் நிறுவல். முடிந்ததும் ஸிப்பர் பிஎஸ். அழிந்த லைப்ரரியைப் பிடித்துக்கொண்டிருக்கும் புராசஸ்களை அது காட்டிக்கொடுக்கும்.

மே 4, சனி

ரோல்பேக் (டிஸ்க்கின் ஸ்னாப்ஷாட்டிலிருந்து பழைய நிலைக்குத் திரும்புதல்) இருக்கிறதே என்ற தைரியம் டேட்டாபேஸில் எடுபடாது. ஓபன்சூசேயின் இயல்பான பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை அமைப்பில், டேட்டாபேஸ் கோப்புகள் இருக்கும் வார் (/var) அடைவு தனி சப்வால்யூம். ஸ்னாப்பர் கருவியின் ரோல்பேக் அதைத் தொடாது. மரியாடிபி மேஜர் அப்டேட் ஆகி டேட்டாவும் மாறியபின் பின்வாங்கினால், பழைய புரோகிராம் புதிய டேட்டாவின் முன் நிற்கும். அந்தத் திசையில் இறங்க மரியாடிபி ஆதரவு தருவதில்லை. ஆகவே அப்டேட்டுக்கு முன் டம்ப் (டேட்டாவின் தனிப் பிரதி) கட்டாயம், ஸ்னாப்ஷாட் அதற்கு மாற்றல்ல.

இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் டம்பிள்வீடில் பதிப்புவாரியாகத் தனித்தனிப் பேக்கேஜ். பழையதும் புதியதும் அக்கம்பக்கமாக இருக்கும். ஆர்ச்சில் ஒரே பேக்கேஜ்தான். மேஜர் பதிப்பு மாறினால், பழைய டேட்டா அடைவைப் பார்த்துவிட்டு சர்வீஸ் கிளம்ப மறுக்கும். "அப்டேட் ஆகாமல் தடுக்கும் இக்னோர்பேக்கேஜ் பட்டியலில் போட்டு நிறுத்திவிடலாம்" என்பார்கள். சில வாரத்தில், போஸ்ட்கிரெஸ் நம்பியிருக்கும் ஐசியு லைப்ரரியின் பதிப்பு ஏறும். நிறுத்திவைத்த போஸ்ட்கிரெஸ் பழைய ஐசியு கோப்பைத் தேடி விழும். பாதி அப்டேட்டுக்கு ஆதரவில்லை என்று ஆர்ச் சொல்வது இதைத்தான்.

எங்கள் முடிவு: டேட்டாபேஸ் டெபியன் ஸ்டேபிளில். ரோலிங், முன்னால் நிற்கும் ப்ராக்ஸிக்கும் பில்ட் ரன்னர்களுக்கும் மட்டும்.

மே 19, ஞாயிறு

எல்லா மெஷினும் ஒரே தேதியில் நிற்க வேண்டும். ஆர்ச் என்றால் தேதிவாரி ஆர்கைவ் முகவரியை மிரராக (பேக்கேஜ் எடுக்கும் சர்வராக) வைத்தால் போதும். டம்பிள்வீடின் பழைய ஸ்னாப்ஷாட்கள் கொஞ்ச காலமே சர்வரில் இருக்கும். சோதித்துத் தேர்ந்ததை உள்ளூர் மிரரில் பிரதி எடுத்துக்கொள்ளவும்.

ஜூலை 2, செவ்வாய்

ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.8 நேற்று வந்தது, சிவிஇ-2024-6387 ஓட்டையை அடைக்க. டெபியன் 12-உம் தன் 9.2-க்கே திருத்தத்தைப் பின்கொணர்ந்துவிட்டது. ரோலிங்கில்தான் பாதுகாப்பு சீக்கிரம் வரும் என்ற வாதத்துக்கு இந்த முறை வேலையில்லை.

ஆர்ச்சில் ஒரு கண்ணி. 9.8-இல் இணைப்பைக் கேட்கும் எஸ்எஸ்ஹெச்டி தனி, செஷனை நடத்தும் புரோகிராம் தனி. நினைவகத்தில் ஓடும் பழைய எஸ்எஸ்ஹெச்டிக்கு அது தெரியாது. அப்டேட் முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்யாவிட்டால் புது லாகின் எதையும் ஏற்காது. ஆகவே அப்டேட்டையும் எஸ்எஸ்ஹெச்டி ரீஸ்டார்ட்டையும் ஒரே வரியில் கொடுக்கவும். திறந்திருக்கும் செஷன் அறுபடாது. அதை மூடாமல் வேறு டெர்மினலிலிருந்து லாகின் ஆகிப் பார்த்தபிறகே அடுத்த மெஷின். பல மெஷின்களைத் தானாக நிர்வகிக்கும் ஆன்சிபிளில் ரீஸ்டார்ட்டை ஹேண்ட்லரில் (கடைசியில் ஓடும் பகுதியில்) விட்டிருந்தால் அதை டாஸ்க்குக்குள்ளேயே கொண்டுவாருங்கள். ஹேண்ட்லர் ஓடும் நேரத்துக்குள் இணைப்பு அறுந்தால் மீண்டும் நுழைய கன்சோல்தான் வழி.