மழலை நீளும்போது

சென்னையில் எனக்குத் தெரிந்த பெற்றோர் பலர், நான்கு வயதுப் பிள்ளைக்கு ‘ழ’, ‘ற’ வரவில்லையே என்று கவலைப்படுகிறார்கள். அவை தாமதமாகக் கைவரும் ஒலிகள் என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதே வயதில் ‘காய்’ என்பதைத் ‘தாய்’ என்று சொல்லி, வெளியார்க்குப் பேச்சே புரியாத நிலை இருந்தால், அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் முதலில் செவித்திறனைச் சோதித்துவிட்டுப் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்ப்பது அவசியம்.

என் தங்கை மகனுக்கு அளித்த பயிற்சியில் என்னை மிகவும் கவர்ந்தது, ஓர் ஒலி மட்டும் வேறுபடும் இரு சொற்களை இணைத்துக் கற்பிக்கும் முறை. காய்கறிப் படமும் தாயின் படமும் மேசையில் இருக்கும். அவன் காயை நினைத்துத் ‘தாய்’ என்று கேட்டால், தாயின் படமே கிடைக்கும். ஒலி மாறினால் பொருளும் மாறுகிறது என்பதைக் குழந்தை தானாகவே உணர்கிறது. ஒலியைக் காதால் பிரித்தறிந்து, தனியே ஒலித்து, பின்பு அசை, சொல், வாக்கியம், உரையாடல் என்று படிப்படியாகச் செல்லும் பழைய முறையும் பயனுள்ளதே.

மெழுகுவத்தி ஊதுவதும் நாக்கை மடக்குவதும் உச்சரிப்பைத் திருத்தும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. அந்த நேரத்தைப் பேச்சொலிகளுக்கே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வீட்டில் பாட்டி, ‘ஒழுங்காச் சொல்லுடா’ என்று அதட்டாமல், ‘காய் வேணுமா கண்ணா?’ என்று சரியான ஒலியைத் திரும்பச் சொல்லிக் காட்டலாம்.