சீன மாணவர்களிடம் அடையாளம் பற்றிப் பேட்டி எடுக்கப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் கல்வியியல் முதுகலை படித்தபோது, வெளிநாட்டில் படிக்கும் சீன மாணவர்களின் பண்பாட்டு அடையாளத்தைத்தான் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டேன். இதே தலைப்போடு வரும் தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில், யாரைச் சீன மாணவர் என்கிறீர்கள் என்பதைத் தீர்மானித்துவிடுங்கள். சீனாவின் செங்டூ நகரத்திலிருந்து வந்தவர், தெற்கே குவாங்சோவில் வீட்டில் கான்டனீஸ் மொழி பேசி வளர்ந்தவர், ஹாங்காங்காரர், மலேசியச் சீனர் என எல்லாரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். அவர்களுக்குள் இருக்கும் தூரம் நமக்கு வெளியிலிருந்து தெரியாது.

முந்தைய ஆய்வுகள் பற்றிய அத்தியாயத்துக்கு வரலாறும் கைகொடுக்கும். 1872 முதல், அன்று சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசு 120 சிறுவர்களை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பியது. பையன்கள் பேஸ்பால் ஆடினார்கள், சிலர் சீன ஆண்கள் அன்று கட்டாயம் வைத்திருக்க வேண்டிய தலைப்பின்னலை வெட்டிக்கொண்டார்கள், தேவாலயத்துக்குப் போனார்கள். பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள் என்ற பயமும் சேர்ந்துதான் 1881-இல் அரசு அவர்களைத் திரும்ப அழைத்தது. இன்றைய பெற்றோரின் கவலையும் அதிலிருந்து வெகுதூரம் போய்விடவில்லை என்பது என் எண்ணம்.

கோட்பாடு என்றால், புதிய பண்பாட்டுக்குள் போகிறவர்கள் எப்படி மாறுகிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் ஜான் பெர்ரியிடம்தான் எல்லாரும் போவார்கள். இரண்டு பண்பாட்டையும் வைத்துக்கொள்வது, புதியதில் கரைந்துவிடுவது, பழையதோடு ஒதுங்கிக்கொள்வது, இரண்டிலும் ஒட்டாமல் நிற்பது என நான்கு வழிகள். படியுங்கள், பயன்படுத்துங்கள். ஆனால் ஆளுக்கொரு கட்டம் என்று அடைத்துவிடாதீர்கள். என்னிடம் பேசிய ஒரு பெண் பகலில் ஆங்கிலப் பெயரோடு குழு வேலையை முன்நின்று நடத்துவாள். இரவில் விடுதிச் சமையலறையில் ஊர்த் தோழிகளோடு சிச்சுவான் மாகாண வட்டார வழக்கில்தான் பேச்சு, வேறு யாரும் உள்ளே வரமுடியாது. அவளை எந்தக் கட்டத்தில் போடுவது?

பேட்டியில் "உங்களை எவ்வளவு சீனராக உணர்கிறீர்கள்?" என்று கேட்டால் பாடப்புத்தகப் பதில்தான் வரும். "போன சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். பெய்ஜிங்கில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் வசந்த விழா (சீனப் புத்தாண்டு) தொலைக்காட்சி நிகழ்ச்சி இங்கிலாந்தில் நண்பகல் பன்னிரண்டு, வகுப்பு நேரம். ஒரு மாணவர் நூலகத்தில் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறார். வீசாட் என்ற சீனச் செயலியில் இருந்த குடும்பக் குழுவில் சிவப்பு உறைகள் (புத்தாண்டுப் பண அன்பளிப்பு) வந்துகொண்டே இருந்தன. அம்மா வீடியோ காலில் ஒவ்வொரு பதார்த்தமாகக் காட்டி, கடைசியில் அவருக்காக வைத்திருந்த கிண்ணத்தையும் காட்டினாராம். அடையாளம் என்ற சொல்லே வராமல் அந்த மாணவர் என்னிடம் அரை மணி நேரம் பேசினார். என் ஆய்வேட்டின் கனமான பகுதி அங்கிருந்துதான் வந்தது.

வகுப்பில் பேசமாட்டார்கள் என்பதைக் கன்பூசிய மரபு (ஆசிரியர் முன் அடங்கியிருக்கும் சீனப் பண்பாடு) என்று எழுதி முடித்துவிடும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. வாக்கியத்தை மனதில் கோப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது என்றுதான் பலர் என்னிடம் சொன்னார்கள். தங்களுக்குள்ளேயே சுற்றுகிறார்கள் என்று எழுதுமுன், அவர்களை யார் சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்றும் விசாரியுங்கள்.

பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறநெறிக் குழுவின் அனுமதி வந்த பிறகே ஆள் தேடுங்கள். மின்னஞ்சலைவிட வீசாட்டில் பதில் சீக்கிரம் வரும். அரசியல் பேச்சை நீங்களாக இழுக்காதீர்கள். துறை சிறியதென்றால் ஊர்ப் பெயரும் பாடப்பிரிவும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம், ஒன்றையாவது மாற்றுங்கள். சமர்ப்பிக்குமுன் பேட்டியின் எழுத்துப்படியை அவர்களிடமே அனுப்புங்கள். நீக்கச் சொல்வது உங்களுக்குப் பிடித்த வரியாக இருந்தாலும் நீக்கிவிடுங்கள்.