ஐசெக் வழியாக வெளிநாட்டுப் பயிற்சி: 'அப்ரூவ்ட்' ஆவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

கொழும்பில் ஒரு கம்பஸ் மாணவர் "ஐசெக்கில போகப் போறன்" என்றால் இரண்டில் ஒன்று. ஐசெக் (AIESEC) என்ற சர்வதேச மாணவர் அமைப்பில் உறுப்பினராகச் சேரப் போகிறார், அல்லது அமைப்பின் வழியாக வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போகப் போகிறார். இது இரண்டாவது வகையினருக்கு. போகிறவர்களின் பக்கமும் அனுப்புகிறவர்களின் பக்கமும் நின்று கோப்புகளைப் பார்த்தவர்கள் எழுதுவதால், துண்டுப்பிரசுரத்தில் இல்லாத சங்கதிகளும் வரும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1948இல், ஐரோப்பாவின் ஏழு நாட்டு மாணவர்கள் கூடித் தொடங்கியதுதான் ஐசெக். இன்றைக்கு நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. இலங்கையில் 1995 முதல் இருக்கிறது. முதலில் மனதில் பதிய வேண்டியது, இது முகவர் நிலையம் அல்ல. உங்கள் கோப்பைப் பார்ப்பவர் உங்களைவிட ஒரு வருடம் மூத்த மாணவராக இருப்பார், சில வேளை இளையவராகவும் இருப்பார். அவருக்குச் சம்பளம் கிடையாது, பரீட்சை உண்டு. உங்களுக்கு அவசரமான கிழமையில் அவருக்கு மிட் எக்ஸாம் வரலாம்.

கம்பஸ் அளவில் இயங்கும் குழுவை எல்சி என்பார்கள். நாட்டுக்கான மேல்குழு எம்சி. கொழும்பிலேயே பல எல்சிகள் உண்டு. பயணம் போகிறவரின் பெயர் ஈபி. ஒவ்வொரு ஈபிக்கும் இரண்டு எல்சிகள் பொறுப்பு: அனுப்புகிற எல்சி, வரவேற்கிற எல்சி. தேர்வுக்கு வழிகாட்டுவது, ஒப்பந்தம், கட்டணம், புறப்படுவதற்கு முந்திய ஆயத்தம் எல்லாம் அனுப்புகிற பக்கம். வேலையிடம், தங்குமிடம், விமான நிலையத்தில் வந்து கூட்டிப்போவது, அங்கே வேலை விவரணம் சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது வரவேற்கிற பக்கம். இந்தக் கோடு தெரியாததால்தான் பாதிக் குழப்பம். அறையில் கட்டில் இருக்கிறதா என்று கொழும்பு எல்சியிடம் கேட்டால், அவர் அங்குள்ளவரிடம் கேட்டு, அவர் வீட்டுக்காரரிடம் கேட்டு, மூன்றாம் வாய் மாறிப் பதில் வரும். மூன்று தரப்பும் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவை முதல் நாளே போடச் சொல்லிவிடுங்கள்.

பயிற்சியில் மூன்று வகை. குளோபல் வொலன்டியர் என்பது ஆறு முதல் எட்டுக் கிழமை, சம்பளமில்லாத சமூகத் திட்டங்கள். குளோபல் டலண்ட் நிறுவனங்களில் வேலைப் பயிற்சி. மாதக் கொடுப்பனவு உண்டு, காலம் நீளம். குளோபல் டீச்சர் கற்பித்தலுக்கு. வயது 18 முதல் 30 வரை. செமஸ்டர் விடுமுறைக்குள் அடங்குவது முதல் வகைதான். டலண்டில் நிறுவனமே ஆளைத் தெரிவு செய்வதால், விண்ணப்பித்துப் பதில் வரவே மாதக்கணக்கு ஆகலாம். இறுதி வருடம் முடிகிற தறுவாயில் இருப்பவருக்கே அது தோது.

இணையதளத்தில் உங்கள் விண்ணப்பம் இந்த ஒழுங்கில் நகரும்: அப்ளைட், அக்செப்டட், அப்ரூவ்ட், ரியலைஸ்ட், பினிஷ்ட், கம்ப்ளீட்டட். அக்செப்டட் என்றால் அங்குள்ளவர்கள் உங்களை ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். அப்ரூவ்ட் என்றால் நீங்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துக் கட்டணமும் கட்டிவிட்டீர்கள். ரியலைஸ்ட் ஆவது அங்கே போய் வேலையைத் தொடங்கிய பிறகு. எங்கள் அபிப்பிராயத்தில் முழு விஷயமும் அக்செப்டடுக்கும் அப்ரூவ்டுக்கும் இடைப்பட்ட சில நாட்களில்தான் இருக்கிறது. அதற்கு முன் உங்களுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. அதற்குப் பின் நீங்களாக விலகினால் கட்டிய காசு திரும்புவது கடினம்.

அந்த இடைவெளியில்தான் நெருக்குதலும் வரும். ஒவ்வொரு எல்சியின் பெறுபேறும் எத்தனை அப்ரூவ்ட், எத்தனை ரியலைஸ்ட் என்ற எண்ணிக்கையில் அளக்கப்படுகிறது. ஆகவே "இண்டைக்கே அப்ரூவ் பண்ணுங்கோ, ஸ்லொட் போயிடும்" என்று செய்தி வரும். சில வேளை அது உண்மை. ஒரு திட்டத்துக்கு ஐந்தாறு இடம்தான் இருக்கும். பல வேளை மாதக் கடைசி இலக்கு. இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தர மறுத்து, ஆனால் கட்டணத்துக்கு அவசரப்படுத்தினால், அந்த இடத்தை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்ப்பது மேல். ஒரே நேரத்தில் பல இடங்களுக்கு விண்ணப்பிக்கத் தடையில்லை.

எழுத்தில் கேட்க வேண்டியவை என்ன? திட்டப் பக்கத்தை மேலிருந்து கீழாக வாசித்தால் கேள்விகள் தானாக வரும். தங்குமிடத்துக்கு நேரே ஏற்பாடு செய்துதரப்படும் என்று இருக்கிறதா, செலவும் அவர்களே ஏற்பார்கள் என்று இருக்கிறதா பாருங்கள். முதலாவது மட்டும் என்றால் அவர்கள் இடம் தேடித் தருவார்கள், வாடகை உங்கள் பொக்கெற்றில் இருந்து. சாப்பாடு நாளுக்கு எத்தனை வேளை, வார இறுதியிலும் உண்டா என்று கேளுங்கள். வேலை நாளில் மதியச் சாப்பாடு மட்டும் என்ற இடங்கள் இருக்கின்றன. வரவேற்கிற நாட்டில் தனியாகத் திட்டக் கட்டணம் உண்டா, எந்த நாணயத்தில், போய் இறங்கியதும் கையில் கொடுப்பதா? தங்குமிடத்துக்கும் வேலையிடத்துக்கும் எவ்வளவு தூரம், பஸ் காசு யார் பாடு? வேலை நேரம் கிழமைக்கு எத்தனை மணி? சைவச் சாப்பாட்டுக்காரர், ஹலால் பார்ப்பவர் இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். விருந்தோம்பும் வீட்டில் போய் இறங்கிய பிறகு சொன்னால் இரு தரப்புக்கும் சங்கடம்.

ஐசெக்கிடம் பரிமாற்றத்துக்கென்று 16 நியமங்கள் எழுத்தில் இருக்கின்றன. விமான நிலைய வரவேற்பு, தங்குமிடம், அடிப்படை வாழ்க்கைச் செலவு, வேலை விவரணம், வேலை நேரம், காப்புறுதி, விசா வழிகாட்டல் எல்லாம் அதற்குள் அடங்கும். ஒப்பந்தத்துடன் அதன் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். பின்னால் முறைப்பாடு செய்ய நேர்ந்தால் "சொன்ன மாதிரி இல்லை" என்று எழுதுவதற்கும், "தங்குமிட நியமம் மீறப்பட்டது, அவர்கள் எழுதியது இது, கிடைத்தது இது" என்று எழுதுவதற்கும் பெரிய வித்தியாசம். முறைப்பாட்டை விசாரிக்க ஒவ்வொரு நாட்டிலும் ஈசிபி என்ற கட்டுப்பாட்டுச் சபை இருக்கிறது. அதற்கு மேலே சர்வதேச மட்டத்தில் ஐசிபி. எல்சியில் வேலைக்காகாவிட்டால் நேரே எம்சிக்கும் ஈசிபிக்கும் மின்னஞ்சல் போடலாம்.

இன்னொரு காரணத்துக்காகவும் எழுத்து முக்கியம். எல்சியின் நிர்வாகம் வருடத்துக்கு ஒரு முறை மாறும். உங்கள் பயணம் அந்தக் கைமாற்றத்துக்குக் குறுக்கே விழுந்தால், வாய்ப் பேச்சில் தந்த உறுதி எதுவும் புதியவருக்குத் தெரியாது. எப்போது நிர்வாகம் மாறுகிறது, அதன்பின் என் கோப்பு யாரிடம் என்று தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள்.

இனி ஆவணங்கள். இங்கேதான் தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். பிறப்புச் சான்றிதழ் தமிழில், அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், ஏ/எல் சான்றிதழில் இன்னொன்று, பாஸ்போர்ட்டில் மூன்றாவது. தர்ஷினியின் முதலெழுத்து ஒன்றில் டி, மற்றதில் டியோடு ஒரு எச். ஓரிடத்தில் தகப்பனின் பெயர் இனிஷியலாக, ஓரிடத்தில் முழுசாக. ஐசெக் தளத்தில் பெயர் பதியும்போது பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்து மாறாமல், அதே ஒழுங்கில் பதியுங்கள். அழைப்புக் கடிதம் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் தயாராகும். தூதரகத்தில் கடிதமும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாவிட்டால் கோப்பு அங்கேயே நிற்கும். குடும்பப்பெயர்க் கட்டத்தில் தகப்பன் பெயர் போவதால் நேர்முகத்தில் உங்களை அப்பாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பதறாமல் பதில் சொல்லலாம்.

பாஸ்போர்ட் இல்லாதவர் விண்ணப்பிக்கும் முன்னமே எடுத்துவிட வேண்டும். படம் அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூடியோவில்தான் பிடிக்க வேண்டும். அவர்கள் நேரே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு உங்களுக்குப் பற்றுச்சீட்டு மட்டும் தருவார்கள். அதைத் தொலைத்துவிட்டுத் திணைக்களம் இருக்கிற பத்தரமுல்ல சுஹுருபாயக் கட்டடத்தில் போய் நிற்க வேண்டாம். தமிழ்ப் பிறப்புச் சான்றிதழை விசாவுக்குக் கேட்டால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்க வேண்டும்; புதுக்கடை நீதிமன்றப் பக்கம் போனால் பலகை போட்டிருப்பார்கள். மொழிபெயர்ப்பவரிடம் பாஸ்போர்ட் பிரதியையும் கொடுத்தால் நாலாவது எழுத்துக்கூட்டல் ஒன்று பிறக்காது. சில நாடுகள் வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு அத்தாட்சியும் கேட்கும். அதுவும் சுஹுருபாயதான், யாழ்ப்பாணத்திலும் ஒரு கிளை இருக்கிறது. பொலிஸ் சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஊரில் ஒரு விலாசம், வெள்ளவத்தை போடிங்கில் ஒரு விலாசம் என்றால் இரண்டு பகுதிப் பொலிசிடமிருந்தும் அறிக்கை வர வேண்டும் என்பதால் தாமதம் ஆகும்.

விசாவில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். "எல்லாரும் சுற்றுலா விசாவிலதான் வாறவை" என்று வரவேற்கிற எல்சிப் பிள்ளை சொன்னால், அதை அந்த நாட்டுச் சட்டமாக எடுக்காதீர்கள். சம்பளமில்லாத தொண்டு வேலைக்கும் தனி விசா கேட்கிற நாடுகள் உண்டு. குடிவரவுக் கவுண்டரில் நிற்கப்போவது நீங்கள், அந்தப் பிள்ளை அல்ல. தூதரகத்துக்கோ விசா மையத்துக்கோ நீங்களே மின்னஞ்சல் போட்டுப் பதிலை அச்சடித்து வையுங்கள். அழைப்புக் கடிதத்தை மாணவர் தலைவர் மட்டும் கையெழுத்திட்டுத் தந்தால் போதுமா, வேலை தருகிற நிறுவனத்தின் கடிதமும் வேண்டுமா என்றும் கேளுங்கள். கடிதத்தில் முழுப்பெயர், பாஸ்போர்ட் இலக்கம், தொடங்கும் முடியும் திகதி, தங்குமிட விலாசம், செலவு யார் பொறுப்பு ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும்.

ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடென்றால் கணக்கு தெளிவு. எந்த 180 நாளிலும் 90 நாள் வரைதான் குறுகியகால விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது கொடுக்க வேண்டும். காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. கோடைகாலத்துக்கு முன் கொழும்பில் நேரம் எடுப்பதே பெரும் பாடு. அப்பாவோ அம்மாவோ ஸ்பொன்சர் என்றால் வங்கிக் கூற்றில் கடைசிக் கிழமை திடீரென்று விழுந்த பெருந்தொகை உதவி செய்யாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஒழுங்காக ஓடுகிற சின்னக் கணக்கு அதைவிட நல்லது. விமானச் சீட்டை விசாவுக்கு முன் முழுக் காசு கட்டி வாங்காதீர்கள்.

குளோபல் டலண்டில் வேலை விசாவோடு போகிறவர்கள் கட்டுநாயக்க விமான நிலையத்தில் மாட்டுவது வேறோர் இடத்தில். தொழிலுக்காக வெளிநாடு போகிறவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். "நான் ஸ்டூடன்ட், இது இன்டர்ன்ஷிப்" என்று கவுண்டரில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் விமானம் போய்விடும். உங்கள் விசா வகைக்குப் பதிவு வேண்டுமா என்று பத்தரமுல்ல கொஸ்வத்தையில் உள்ள பணியகத்தில் முன்னமே கேளுங்கள்.

கம்பஸ் பக்கத்தையும் மறக்கக் கூடாது. அரச பல்கலைக்கழகங்களில் பரீட்சைத் திகதி தள்ளிப்போவது புதினமில்லை; விடுமுறை என்று நினைத்த ஆறு கிழமைக்குள் பரீட்சை வந்து விழும். 80 வீத வரவு விதி வேறு. பீடத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் அப்ரூவ் செய்வது சூதாட்டம். கட்டாயக் கைத்தொழில் பயிற்சிக் கணக்கில் இதைச் சேர்க்கலாம் என்று எண்ணுகிற பொறியியல் மாணவர், பயிற்சிப் பிரிவிடம் ஒப்புதல் வாங்கிவிட்டே தொடங்க வேண்டும். போய்வந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் கைவிரிப்பார்கள்.

காசு விஷயத்தில் இரண்டு சின்ன ஏற்பாடு. உள்ளூர் டெபிட் அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடும்படி வங்கியில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பல அட்டைகள் அங்கே வேலை செய்யாது. இணையக் கொடுப்பனவுக்கான ஓடிபி இலங்கை இலக்கத்துக்குத்தான் வரும் என்பதால் பழைய சிம்மைக் கழற்றி வைக்காமல் ரோமிங்கில் குறுஞ்செய்தியாவது வரும்படி வையுங்கள். முதல் இரண்டு கிழமைச் செலவுக்குக் கையில் டொலர் வேண்டும். அதிகாரம் பெற்ற நாணய மாற்றுநரிடம் பாஸ்போர்ட், விசா, ரிக்கட் காட்டி வாங்கி, பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள்.

அங்கே போன பிறகு முதல் கிழமையிலேயே வேலை விவரணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கற்பிப்பதற்கென்று போனவரை விளம்பரத் தாள் கொடுக்க விட்டால், மூன்றாம் கிழமை வரை பொறுத்து முறையிட்டுப் பயனில்லை. வேறு திட்டத்துக்கு மாற்றக் கால அவகாசம் இருக்காது. படத்தோடும் திகதியோடும் மூவர் குழுவில் போட்டால் இரண்டு எல்சிக்கும் ஒரே நேரத்தில் தெரியும். பெரும்பாலான பிணக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும். எதிர்முனையில் இருப்பவரும் உங்களைப் போன்ற மாணவர்தான் என்பதால், காட்டமாக எழுதுவதைவிடக் குறிப்பாக எழுதினால் காரியம் ஆகும்.

திரும்பும் முன் வேலையிடத்தின் கடிதத் தலைப்பில், செய்த வேலை, மொத்த மணி நேரம், திகதிகள் குறித்த கடிதமொன்றை நேரில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐசெக் தளத்தில் கம்ப்ளீட்டட் ஆக, வந்த பிறகு அனுப்பும் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்ப வேண்டும்; சான்றிதழ் அதற்குப் பிறகுதான். கொழும்பில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சான்றிதழைவிட நிறுவனத்தின் கடிதத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நாடு திரும்பி இரண்டு மாதம் கழித்து அதைக் கேட்டு எழுதினால், அங்கே உங்களைத் தெரிந்தவர் யாரும் பதவியில் இருக்கமாட்டார்.